கொழுந்துச் சாற்றில் கழுவிய படம்

கிருஷாந்தியின் வீட்டில் இருபத்து மூன்று கமராக்கள் இருந்தன. அவற்றில் ஓடியவை ஒன்பது. ஓடாத பதினான்கையும் அவள் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, பின்மூடியைத் திறந்து காற்றுக் காட்டி, திரும்ப அதனதன் இடத்தில் வைப்பாள். இனி எழுந்து நடக்கப் போவதில்லை என்பதற்காகப் படுக்கையில் கிடப்பவரின் முதுகை யாரும் துடைக்காமல் விடுவதில்லை என்பது அவள் கட்சி.

லிந்துலைக்கு மேலே, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால், ஏழு பேர்ச் காணியில் கட்டிய சின்ன வீடு அவர்களுடையது. அங்கே இருந்த ஒரே இரும்பு அலமாரியில் துணி கிடையாது, கமராக்கள்தான். கீழ்த்தட்டில் ஒரு சிறிய பல்ப் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அந்த மலையில் ஜூன் மழை பிடித்தால் செருப்பு பூக்கும், தோல் பட்டி பூக்கும், சாமிப் படத்துக் கண்ணாடிக்குள்ளும் பூக்கும். லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலை போலப் படர்ந்துவிட்டால் எடுக்கிற படமெல்லாம் பால் ஊற்றியது போலாகிவிடும். பல்பின் சூடு ஈரத்தை விரட்டும். கணவன் செல்லசாமியின் சட்டைகளும் சாரங்களும் சுவரோரக் கயிற்றில் தொங்கின. "கமராவுக்குக் கணப்பு, எனக்குக் கயிறு" என்று அவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். சொல்வதோடு சரி. பல்ப் பியூஸ் ஆனால் முதலில் கவனித்து மாற்றுகிறவனும் அவன்தான்.

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சைப்பிரஸில் பிடித்தது. ஹட்டனில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து, சான்றிதழோடு விமானம் ஏறி, ஏழு வருடம் அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டாள். அவருடைய கை நடுங்கும், வாய் நடுங்காது. அறை முழுக்கப் பழைய பிலிம் கமராக்கள். தூசி துடைப்பது அவள் வேலை. துடைக்கத் துடைக்க எது எங்கே திருகும், எது எங்கே இறுகும் என்று கைக்குப் பழகிவிட்டது. ஒருநாள் அவர் அவளுடைய சமையல் பாத்திரத்தில் கோப்பித் தூளையும் சலவைச் சோடாவையும் விற்றமின் சீ மாத்திரையையும் கரைத்து ஒரு பிலிமைக் கழுவினார். படம் வந்தது, பாத்திரம் போயிற்று. கிருஷாந்தி அன்று சண்டை பிடித்தாளே தவிர, கலந்த கணக்கை மறக்கவில்லை. அவர் காலமானபோது, யாரும் வாங்காத இரண்டு கமராக்களை மகள்மார் அவளிடம் கொடுத்தார்கள். மற்ற இருபத்தொன்றும் ஊருக்குத் திரும்பிய பிறகு சேர்ந்தவை.

பிலிமைக் கழுவத் தொட்டியில் ஏற்றும்போது வெளிச்சம் படக்கூடாது. இருட்டறை கட்ட அவள் வீட்டில் இடமேது? பழைய கறுப்புக் கம்பளியை இரண்டாக மடித்து, அதற்குள் கைகளை விட்டு, ஜன்னல் வழியே கோழிகளைப் பார்த்துக்கொண்டே ஏற்றிவிடுவாள். போர்வையை விலக்காமல் அதற்குள்ளேயே நோயாளிக்கு உடை மாற்றிப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையில்லை.

பழம்பொருள் கடை வைத்திருந்த இப்றாஹிம் நானாதான் அவளுக்குக் கமரா தேடித் தருபவர். தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, பாதிக் கடையில் அவருடைய மணிக்கூடுகளும் ரேடியோக்களும், மறுபாதியில் மருமகள் முனீராவின் போட்டோப் பிரதி இயந்திரமும் படம் அச்சடிக்கும் இயந்திரமும் இருந்தன. போன மாசியில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த ரஷ்ய லென்ஸ் ஒன்றை அவர் பில் கட்டுகளின் மேல் பாரமாக வைத்திருந்தார். அம்மிக் குழவி போல அவ்வளவு கனம்.

"மெசின் நல்லா ஈக்கி தங்கச்சி, கண்ணு மட்டுந்தான் பூப்பிடிச்சி" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, கழற்றி, புண் கழுவும் மருந்தைப் பஞ்சில் தொட்டு மூன்று நாள் துடைத்தாள். கண் தெளிந்தது. ஆளை எட்டடி தள்ளி உட்கார வைத்தாலும் முகத்தை மட்டும் அள்ளிக்கொண்டு வரும் லென்ஸ் அது. மூக்கு மூக்காகவும் காது காதாகவும் இருக்கும்.

இந்தச் செய்தி எப்படியோ காளியாயியின் காதுக்குப் போய்விட்டது.

காளியாயி மேல் லயத்தில் மூன்றாம் காம்பராக்காரி. எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். அவள் கணவர் இறந்தபோது மரண அறிவித்தல் பேனருக்கு நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். ஒரு காது இல்லை, கண் முறைத்தது. சந்தியில் கட்டிய பேனரைப் பார்த்துவிட்டு, பொலிஸ் தேடுகிற ஆளா என்று பஸ்ஸில் போனவர்கள் விசாரித்தார்களாம். மூன்று வருடம் ஆகியும் அந்த அவமானம் காளியாயிக்கு ஆறவில்லை.

இப்போது அவளுக்குக் குடலிறக்கம். நுவரெலியா ஆஸ்பத்திரியில் புதன்கிழமை அனுமதி, வியாழன் ஆபரேஷன். டொக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். காளியாயி பயப்படவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டிலில் ஏறுமுன் தன்னுடைய பேனர் படம் தயாராக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வந்து நின்றாள்.

கைப்பேசியில் எடுக்கலாமே என்று செல்லசாமி கேட்டான். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் காளியாயியின் பேரன் வினோஜன் அப்படி ஒன்று எடுத்துத்தான் இருந்தான். அதில் மூக்கு மட்டும் முன்னால் வந்து, மிச்ச முகமெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

"ஒன் கமராவுல எடு. ஆனா ஒருக்காத்தான் உக்காருவேன்" என்றாள் காளியாயி. "சாவுப் படத்துக்கு ரெண்டு தரம் உக்காந்தா ரெண்டு தரம் சாகணும். என்னால ஏலாது."

இப்படி ஒரு சட்டத்தை கிருஷாந்தி எங்கும் கேள்விப்பட்டதில்லை. காளியாயி அப்போதுதான் இயற்றியிருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை சொன்னதை அவள் மாற்றமாட்டாள் என்பது தோட்டத்துக்கே தெரியும். தன் கமராக்களை லயத்தில் 'செத்த பெட்டிகள்' என்று சொல்லிச் சிரிப்பதும் கிருஷாந்திக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூடுபனி வெயிலை வடிகட்டித் தந்தது. முகத்தில் நிழல் வெட்டாத வெளிச்சம். வாசலில் பிளாஸ்டிக் கதிரை, பின்னால் வீட்டுச் சுவர். காளியாயி அரக்குச் சேலையில் வந்தாள். வாயில் பேரன் கட்டிக் கொடுத்த பற்கள் இருந்தன. கல்யாண வீட்டுக்கு மட்டும் போடுகிற பற்கள் அவை. பல்லோடுதான் எடுக்க வேண்டும் என்று வினோஜன் போனில் மூன்று தரம் சொல்லியிருந்தான்.

பிலிமில் இருபத்து நான்கு படம். முதல் பன்னிரண்டும் பல்லோடு எடுக்கப்பட்டன. பெரட்டுக் களத்தில் காலை வேலைக்குப் பேர் கூப்பிடக் காத்திருப்பவள் போல விறைத்துப் போய் இருந்தாள். பதின்மூன்றாவதில், தாடை வலிக்கிறது என்று பல்லைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு ஒருத்தருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. கோழி ஒன்று கதிரைக்குக் கீழே புகுந்தது, செல்லசாமி அதைத் துரத்தப் போய்ச் சேற்றில் வழுக்கினான், காளியாயி வெறும் ஈறைக் காட்டிக்கொண்டு சிரித்தாள். கிருஷாந்தி நிறுத்தாமல் மிச்சத்தையும் எடுத்து முடித்தாள்.

வில்லங்கம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. பிலிம் கழுவும் பவுடர் பக்கெட்டைத் திறந்தால், அது ஈரத்தில் பழுப்பேறிக் கட்டியாகிக் கிடந்தது. கமராக்களுக்குப் பல்ப் எரித்தவள் பவுடரைச் சமையலறை ராக்கையில் வைத்திருந்தாள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. படத்தை நிலைநிறுத்தும் இரண்டாவது மருந்து மட்டும் போத்தலில் நல்லபடியாக இருந்தது. கொழும்பிலிருந்து புதுப் பவுடர் வரப் பத்து நாளாகும். ஆபரேஷனுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

சைப்பிரஸ் கிழவரின் கோப்பி அவள் நினைவுக்கு வந்தது. கடைக்குப் போய் ஒரு கோப்பிப் பக்கெட் வாங்கி வரும்படி செல்லசாமியிடம் சொன்னாள்.

செல்லசாமி முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோதையருகே நின்றவன். அவன் எழுந்திருக்கவில்லை.

"நூத்தம்பது வருசத்துக்கு முந்தியே இந்த மலையில கோப்பி செத்துப்போச்சு புள்ள. தேயிலைக்கு நடுவுல குந்திக்கிட்டு கோப்பிக்கு அலையிறியே, ஸ்டோருல கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

கோப்பியில் இருக்கிற சத்து தேயிலையில் இல்லையா என்று கேட்டான். இருக்கும் என்றுதான் அவளுக்கும் பட்டது. அவளும் அந்த மலையில் பிறந்தவள். கோப்பியைவிடத் தேயிலை ஒருபடி மேலாக இருக்குமென்று உள்ளூர ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். தீபாவளிக்குத் தொழிற்சாலை டீமேக்கர் கொடுத்த உயர்ந்த ரகத் தேயிலையை அவன் ஒரு வருடமாகப் பிரிக்காமல் வைத்திருந்தான். தொழிற்சாலைக் காவல்தெய்வமான ரோதைமுனியை மனதில் வேண்டிக்கொண்டு அதைப் பிரித்தான். வீடெல்லாம் மணந்தது.

புது மருந்தை முதலில் பாதி அளவு கொடுத்துப் பார்ப்பது அவள் பழக்கம். அதனால் கம்பளிக்குள் கைவிட்டு, பிலிமின் வெறும் நுனியை வெட்டிக் குப்பையில் போட்டபின், ஒரு முழம் அளந்து பிலிமைக் கத்தரித்தாள். பன்னிரண்டு படம் ஒரு முழம் வரும். அந்த முதல் பாதியைத் தொட்டியில் ஏற்றினாள், மறு பாதியை வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டாள். தார் போலக் கொதித்த தேயிலைச் சாயத்தை ஆறவைத்து, சோடாவும் மாத்திரைத் தூளும் கலந்து ஊற்றினாள். சைப்பிரஸ் கிழவரைக் குளிப்பாட்ட வைத்திருந்து கையோடு கொண்டுவந்த வெப்பமானியால் சூடு பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

தொட்டியைத் திறந்தபோது பிலிம் சாயத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கண்ணாடியில் படிந்த மூச்சுக்காற்றுப் போலப் பன்னிரண்டு காளியாயிகள் இருந்தார்கள். கண்ணில்லை, மூக்கில்லை, பேரன் கட்டிக் கொடுத்த பல்லும் இல்லை.

செல்லசாமி வெளியே போய் விறகு அடுக்கினான். அடுக்கியிருந்த விறகைத்தான் மறுபடி அடுக்கினான்.

சாயங்காலம் காளியாயி வந்து, படம் வெந்துவிட்டதா என்று கேட்டாள். மழுப்புவது கிருஷாந்திக்கு வராது. நோயாளியிடம் பொய் சொன்னால் மறுநாள் ஊசி போட அவர் கை நீட்டமாட்டார்.

"பாதி கெட்டுப்போச்சு பெரியம்மா. மிச்சப் பாதி இருக்கு."

"எந்தப் பாதி? தலப்பக்கமா, கால்ப்பக்கமா?"

விளக்கிச் சொன்னதும் காளியாயி, மிச்சமிருப்பதும் கெட்டால் கணவருக்குப் பக்கத்தில் தானும் பொலிஸ் தேடுகிற ஆளாகத் தொங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துப் போனாள். அவள் கோபித்திருந்தால் கிருஷாந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் தன் பிழை அவளுக்குப் பிடிபட்டது. பாதி அளவு கொடுக்க நினைவிருந்தது, கொடுக்குமுன் ஒரு துளியைச் சோதிக்க நினைவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதில்லையா? புருஷன் சொன்ன ரகத்தை நம்பி அப்படியே ஊற்றியிருக்கிறாள். குப்பை வாளியைக் கவிழ்த்து, வெட்டிப் போட்ட பிலிம் நுனியைத் தேடி எடுத்தாள். ஏற்கெனவே வெளிச்சம் பட்ட துண்டு அது. சரியான மருந்தில் போட்டால் பட்டப் பகலிலேயே கறுத்துவிடும். கறுக்காவிட்டால் மருந்து உதவாது. அதைச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். பிறகு தானே நடந்து போய்க் கோப்பிப் பக்கெட் வாங்கி வந்தாள்.

இரண்டு கோப்பைகள் வைத்தாள், ஒன்றில் கோப்பியும் மற்றதில் அதே உயர்ந்த தேயிலையும். இரண்டிலும் ஒரே அளவு சோடா, ஒரே அளவு மாத்திரை. கோப்பியில் போட்ட துண்டு எட்டு நிமிடத்தில் கறுத்தது. தேயிலையில் போட்டது இருபது நிமிடமாகியும் சாம்பல் நிறத்தைத் தாண்டவில்லை.

செல்லசாமி குந்தியிருந்து அந்தச் சாம்பல் துண்டையே பார்த்தான். தோற்றது அவனல்ல, முப்பது வருட ரோதை என்பது போல இருந்தது அவன் முகம். பிறகு மெதுவாகப் பேசினான்.

"அரைச்ச கொழுந்த உடனே சுட மாட்டோம். காத்துப் பட பரப்பிவச்சி செவக்க விடுவோம். செவக்கச் செவக்க அதுல உள்ள காரமெல்லாம் அதுலயே தீந்துரும். குடிக்க அதான் நல்லது. ஒன் பிலிமுக்குக் காரந்தானே வேணும்?"

பதிலுக்கு நிற்காமல் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். வேலியோரம் அவனே நட்ட நான்கு தேயிலைச் செடிகள் நின்றன. இரண்டு கைப்பிடி பறித்து வந்து, வாடவிடாமல், சிவக்கவிடாமல், அப்படியே சூடான சட்டியில் போட்டுப் புரட்டினான். கிருஷாந்தி அதை மிக்ஸியில் அரைத்துக் கொதிக்க வைத்து, காயத்துக்குக் கட்டும் வலைத்துணியில் வடித்தாள். பச்சையும் மஞ்சளுமாக, பார்த்தால் யாருக்கும் குடிக்கத் தோன்றாத ஒரு சாறு. மூன்றாவது கோப்பையில் அதை ஊற்றி, சோடாவும் மாத்திரையும் அதே அளவில் சேர்த்து, துண்டைப் போட்டாள்.

ஏழு நிமிடத்தில் துண்டு அடுப்புக்கரி போலக் கறுத்தது.

"கோப்பி எத்தன நிமிசம்?" என்று கேட்டான் செல்லசாமி, தெரியாதவன் போல.

அவள் இன்னொரு துண்டு போட்டுப் பார்த்தாள். மறுபடியும் ஏழுதான். அதன் பிறகே கம்பளியை எடுத்தாள்.

அன்று பிற்பகல் இருபது நிமிடம் செல்லசாமி மணிக்கூட்டைப் பார்த்து நிமிடத்துக்கொருமுறை விரலைத் தூக்கினான், அவள் தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தினாள். கொட்டினாள், அலசினாள், நிலைநிறுத்தும் மருந்தை ஊற்றினாள், மறுபடி அலசினாள். மூடியைத் திறந்து பிலிமை வெளியே இழுத்ததும் கதவுப் பக்கம் திரும்பினாள்.

படம் இருந்தது. அழுத்தமாக, ஓரம் ஓரமாக, சுருக்கம் சுருக்கமாக இருந்தது. பிலிமில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் என்பதால், காளியாயியின் பல்லில்லாத வாய் விளக்கு ஏற்றியது போல வெளிச்சமாகத் தெரிந்தது. கத்தரி பதின்மூன்றாம் படத்தின் நடுவே விழுந்திருந்தது. அதில் முகமில்லை. ஒரு கையும், கையில் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் மிஞ்சியிருந்தன. கிருஷாந்தி அதைப் பார்த்துக் கதவில் சாய்ந்து சிரித்தாள். நேற்றிலிருந்து அவள் சிரித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தலவாக்கலையில் முனீரா பிலிமைக் கணினியில் ஏற்றி, நல்ல படம் ஒன்றை இரண்டடி உயரத்துக்கு அச்சடித்துக் கொடுத்தாள். தேயிலைச் செடியில் கழுவிய படம் என்றதும் இப்றாஹிம் நானா நம்பவில்லை. பிலிமை முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை பில் பாரத்துக்கு வேறு ஏதாவது தேட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை படத்தைக் காளியாயியின் காம்பராவுக்குக் கொண்டுபோனார்கள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய ஆஸ்பத்திரிப் பை கட்டிலில் தயாராக இருந்தது. படத்திலிருந்த கிழவி, கோழிக்குப் பின்னால் சேற்றில் விழுகிற ஆளைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லில்லையே என்று வினோஜன் போனில் குறைப்பட்டான்.

"பல்லு ஒன்னுது. மூஞ்சி என்னுது" என்றாள் காளியாயி அவனிடம். பிறகு கிருஷாந்தியிடம் திரும்பினாள். "இது போதும் புள்ள. சந்தியில கட்டுனா பஸ்ஸுல போறவன் எறங்கி வந்து என்னன்னு கேப்பான்."

புதன்கிழமை பஸ்ஸில் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் விட்டு, தாதியிடம் மாத்திரை விவரம் சொல்லிவிட்டு கிருஷாந்தி திரும்பினாள். வியாழக்கிழமை ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த வாரம் காளியாயி வீட்டுக்கு வந்தாள். மேல் லயத்தில் அதற்குள் நான்கு பேர் தங்களுக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்று தலைவாரிக்கொண்டு காத்திருந்தார்கள். செத்த பெட்டிகள் என்ற பேச்சு நின்றிருந்தது.

தையல் பிரித்த மறுநாள் காளியாயி மெல்ல நடந்து வந்து, கிருஷாந்தியின் வாசலில் அதே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். கட்டிலில் படுத்தபடி பத்து நாள் அந்தப் படத்தையே பார்த்ததில் ஒரு குறை கண்டுபிடித்திருந்தாள். தலையைச் சாய்த்துச் சிரித்ததில் இடது காதுத் தோடு தெரியவில்லை. இன்னொருக்கா எடுக்க வேண்டும் என்றாள்.

"ரெண்டு தரம் உக்காந்தா ரெண்டு தரம் சாகணும்னு சொன்னது யாரு பெரியம்மா?"

"நாந்தான் சொன்னேன். அங்க மயக்க மருந்து குடுத்து ஒரு மணி நேரம் போட்டாங்கல்ல? அதுல ஒரு தரம் கழிஞ்சிபோச்சு."

இதற்கு மேல் வாதாட கிருஷாந்திக்கு நேரமில்லை. மூடுபனி விலகுமுன் எடுத்தால்தான் வெளிச்சம் சரியாக இருக்கும். அலமாரியைத் திறந்து ரஷ்ய லென்ஸை எடுத்து, ஊதித் துடைத்து, கமராவில் திருகினாள். பல்லைக் கொண்டு வந்தாயா என்று கேட்டதற்கு, அது தம்ளரிலேயே கிடக்கட்டும் என்றாள் காளியாயி, இடது காதை முன்னால் திருப்பிக்கொண்டு.

கொழும்பிலிருந்து வந்த புதுப் பவுடர், இப்போது அலமாரிக்குள் பல்புக்குப் பக்கத்தில், முத்திரை பிரிக்காமல் இருந்தது. யாரும் கேட்காமலே செல்லசாமி சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தான்.